நொடிக்கு இருபத்துநாலு மீட்டர்

— அசையாதீங்க சிவபாண்டிண்ணே! ஒயர் பிச்சுக்கிட்டு வந்துரும். முழங்காலுக்குக் கீழ கரண்ட்டு குடுக்கப்போறேன்.

— சீக்கிரம் குடுங்க சிஸ்டர். மூணரைக்கு ஸ்கூல் வேன் எடுக்கணும்.

— குடுத்தாச்சே!

— எப்ப?

— தெரியலையா? போன வாரம் இதுக்கே கட்டிலை விட்டுத் துள்ளுனீங்க...

— அது... பழகிப்போச்சு. ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டுருங்க சிஸ்டர். இல்லேன்னா ஸ்கூல்ல வேன் சாவியத் தர மாட்டாங்க. வீட்ல அடுப்பெரியாது.

— மிஷின் காட்டுறதத்தான் நான் போடமுடியும். இருங்க... இருபத்துநாலு!

— நல்லதா, கெட்டதா?

— நரம்புல சிக்னல் நொடிக்கு நாப்பது மீட்டருக்கு மேல ஓடணும். போன வாரம் உங்களுக்கு முப்பத்தொண்ணு. ஏழே நாள்ல இம்புட்டு இறங்காதே...

— இருக்காது! எனக்கு ஒண்ணும் கிடையாது சிஸ்டர்.

— நரம்புக்கு மேல ஒரு உறை இருக்குண்ணே, நடுநடுவே இடைவெளி விட்டு. உறை நல்லா இருந்தா சிக்னல் இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போயிரும். திருமங்கலத்துல ஏறுனா மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுலதான் இறக்கி விடுவான்ல, அந்த பஸ் மாதிரி. உறை கெட்டா டவுன் பஸ்தான். கப்பலூர், பழங்காநத்தம்னு நின்னு நின்னு...

— உங்க மிஷின்தான் டவுன் பஸ்ஸு!

— அப்படியா? என் கால்லயே வைக்கிறேன், பாருங்க. ...ஆத்தீ! ஐம்பத்திரண்டு. மிஷின் நல்லாத்தான் இருக்கு.

— அப்ப என் கால்ல இன்னொருக்கா வச்சுப் பாருங்க சிஸ்டர்.

— அதே இருபத்துநாலு! எனக்கே தலை சுத்துது. ஆமா, வாசல்ல ஒத்தச் செருப்புதான் கெடக்கு. இன்னொண்ணு?

— ஒத்தச் செருப்பா? ரெண்டையுந்தானே போட்டுட்டு வந்தேன்!

— வழியில ஒண்ணு கழண்டு விழுந்திருக்கு. தார் ரோட்டுல ஒரு கால் வெறுங்காலா வந்திருக்கீங்க. இந்த வெயில்ல... சுடலையாண்ணே?

— இல்லையே...

— பாதத்தக் காட்டுங்க. ஐயோ, கொப்புளம்!

— சிஸ்டர்... அப்ப எனக்குமா?

— எனக்குமான்னா? வேற யாருக்கு?

— தம்பிக்கு. போன வாரம் வந்த அவன்தான் சிவபாண்டி. நான் அவன் அண்ணன் மருது... ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி, உனக்குத்தான் ஒரு கோளாறும் கிடையாதே, எனக்குப் பதிலாப் போய்ப் படுத்துட்டு வாண்ணேன்னு அனுப்பி வச்சான்.