அளக்க வந்தவருக்குக் கொடுத்த மரவள்ளி

மலேசியாவில், லகாட்டிலிருந்து ஈப்போவுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்: "சோதிச்சுப் பாக்கத்தான் நீட்டுனேன். அவரு நெசமாவே வாங்கிட்டுப் போயிட்டாருக்கா!"

"யாரு, மலையில ஆலைக் கழிவப் பொதைச்ச எடத்துல ரேடியேசன் அளக்க வந்தாரே, அந்த ஆபீசரா?"

"அவருதான், நம்மாளு, தமிழர்தான். மீட்டரக் காட்டி, ஒங்க தோட்டத்துக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்கன்னாரு. அப்ப இந்த மரவள்ளிய வீட்டுக்குக் கொண்டு போங்கன்னேன். மழுப்புவாருன்னு பாத்தா, மகளுக்குப் பிடிக்கும்னு பையில போட்டுக்கிட்டாரு."

"அப்புறம் என்னலா? நம்ப வேண்டியதுதானே?"

"எனக்கு மனசு கேக்கலக்கா. மறுநாளே போன் போட்டு, அதப் புள்ளைக்குக் குடுக்காதீங்க தம்பின்னேன். நேத்தே அவிச்சுச் சாப்ட்டோம்கா, நல்லா மாவா இருந்துச்சுன்னாரு."

புந்தோங்கில் பஸ் நின்றது. அக்கா இறங்க எழுந்தபடியே கேட்டார்: "நீ அதத் திங்கிறியா?"

"நாங்க வருசக்கணக்காத் திங்கிறோம், எங்கள விடுங்க. அந்தப் புள்ளதான் பாவம்லா. தெனமும் போன் போட்டு, எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."