மூணாவது பந்து

கார்பின்: மா... மே... மீ... மோ...

யெசேனியா: யாராச்சும் இந்த ஆட்டுக்குத் தழை போடுங்கப்பா.

கார்பின்: குரலச் சூடு பண்றேன். நாடகக் காலேஜ் தேர்வுக்கு வந்தவங்க எல்லாம் இந்த ஓட்டல் வராந்தா பூரா அதானே பண்றாங்க? அந்தப் பொண்ணு செவுத்தோட சண்ட போடுது. அத ஒண்ணும் சொல்லல நீ?

யெசேனியா: அது சத்தமில்லாம போடுது.

கார்பின்: நீ சூடு பண்ண மாட்டியா?

யெசேனியா: எங்க ஸ்கூல்ல... வெந்நீர் குடிப்போம்.

கார்பின்: எந்த ஸ்கூல்?

யெசேனியா: நடிப்புப் பள்ளி. டல்லாஸ்ல. கத்திச் சண்ட, ஊமை நடிப்பு, விதவிதமா சாவறது... எல்லாம் உண்டு.

கார்பின்: ஓ.

யெசேனியா: என்ன ஓ?

கார்பின்: ஒண்ணுமில்ல. அதுல படிச்சா காலேஜ்ல சீட்டு சுளுவா கெடைக்கும்னு...

யெசேனியா: கெடைச்சிருந்தா நான் ஏன் இங்க உக்காந்து நகத்தக் கடிக்கறேன்? ஒன்பது காலேஜ் கைய விரிச்சாச்சு. இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா மாமாவோட கோழிப்பண்ணைதான் கதி.

கார்பின்: டல்லாஸ்ல கோழிப்பண்ணையா?

யெசேனியா: ...பெரிய ஊருப்பா. எல்லாம் இருக்கும். நீ எங்க?

கார்பின்: நான் சுத்தப் பட்டிக்காடு. இண்டியானா. சோளக்கொல்லைக்கு நடுவுல ஸ்கூல். நாடகமும் கூடைப்பந்தும் ஒரே கொட்டாய்ல.

யெசேனியா: ஒரே நேரத்துலயா?

கார்பின்: அதானே கூத்து! ராணி செத்துக் கெடக்குறா. ராஜா நெஞ்சுல அடிச்சுக்கறான். திரைக்குப் பின்னாலேர்ந்து ஒரு பந்து பறந்து வந்து... தொப்! பொணத்தோட வயித்துல. பொணம் "அம்மா"ன்னு கத்திடுச்சு! என்ன, சிரிப்பே வரல?

யெசேனியா: நீ... அத நேர்ல பாத்தியா?

கார்பின்: மொத வரிசையில உக்காந்திருந்தேன்!

லுவான்: யெசேனியா யாரும்மா? நடுவருங்க கூப்பிடறாங்க, உள்ள வா. ஷூவுல பனிய உதறிட்டு வா, தரையெல்லாம் சேறு. தம்பி, அடுத்து நீ.

கார்பின்: போ, போய் வெளுத்து வாங்கு! ...மா... மே... மீ...

லுவான்: தம்பி, எனக்குத் தலை வலிக்குது.

கார்பின்: சாரிங்க.

லுவான்: ...அதோ வந்துட்டா. என்னம்மா, போன வேகத்துல திரும்பிட்ட?

கார்பின்: எப்படிப் போச்சு?

யெசேனியா: வசனம் நல்லாப் போச்சு. அப்புறம் "உங்க ஸ்கூல்ல மறக்க முடியாதது எது?"ன்னாங்க. பந்துக் கதையச் சொன்னேன்.

கார்பின்: அடிப்பாவி! அது என்னோடது!

யெசேனியா: நடுவருங்க மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. "இன்னிக்கு இது மூணாவது பந்து. போதும்மா, நன்றி"ன்னாங்க.

கார்பின்: மூணாவதா? ஐயோ... அந்த ஆளு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டாரா!

யெசேனியா: எந்த ஆளு?

கார்பின்: ...எங்க சார். நானும் நடிப்புப் பள்ளிதான். இதே சிகாகோல. "நடிப்புப் பள்ளின்னா நடுவருங்க மூஞ்ச சுளிப்பாங்க, அதுக்கு முன்னாடி படிச்ச ஊர் ஸ்கூல் பத்தி ஒரு பரிதாபக் கதை சொல்லு, உருகிடுவாங்க"ன்னார். எங்கயோ ஒரு வீடியோல பாத்த கதையாம். உன்கிட்ட ஒத்திகை பாத்தேன்.

யெசேனியா: மொத வரிசைன்னியே!

கார்பின்: அது என் சொந்தச் சரக்கு. ஆனா உனக்கென்ன வந்துச்சு? டல்லாஸ் கதை ஆயிரம் இருக்குமே! ஏய்... அழறியா? இங்க பாரு, உள்ள போய் உண்மையச் சொல்லிடறேன். பந்து எங்க சாரோட கப்சா, பாவம், இந்தப் பொண்ணு என்கிட்ட கேட்டுச் சொல்லிடுச்சுன்னு...

யெசேனியா: அப்படி மட்டும் சொல்லித் தொலைக்காதடா! டல்லாஸ நான் பஸ் ஜன்னல் வழியாத்தான் பாத்திருக்கேன். இங்க எல்லாரும் பீத்திக்கறாங்களேன்னு நானும் அவுத்து விட்டேன். எங்க ஊர்ல இருக்கறது ஒரே ஒரு கொட்டாய்தான். மொத வரிசையில எங்க பாஸ்டரும் அவர் நாயும்தான் உக்காந்திருந்தாங்க... அந்த வீடியோல "அம்மா"ன்னு கத்தின பொணம் நான்தான்.