பத்து நிமிஷத்துல வந்துடும்

பகலவன்னு ஒருத்தன், தம்பி. அவன்தான் மொதல்ல. இந்த வயசுல உங்களுக்கு யார் மேல இவ்ளோ கோவம்னு கேட்டீங்கல்ல, அதான் சொல்றேன். உக்காருங்க. வரப்பு காஞ்சுதான் இருக்கு, இந்தத் துண்ட விரிச்சிக்குங்க. காரையே பாத்துக்கிட்டு நின்னா அது தானா மேல ஏறி வந்துடாது.

டிராக்டர் வந்துடும். அத ஓட்டுற பையன் சேரன் கெளம்பிட்டான். பத்து நிமிஷம்.

உங்க மேல தப்பு இல்ல. போன்ல ரோடுன்னுதான் காட்டியிருக்கும். சித்திரையிலேருந்து ஆனி வரைக்கும் இது ரோடுதான். அறுப்பு முடிஞ்சு உளுந்தும் புடுங்கிட்டா டிராக்டர் போவும், கார் போவும், கல்யாணப் பொண்ணு மாப்புள்ளகூட இந்த வழியாத்தான் போவாங்க. எவனோ அப்பப் போயிருக்கான், போன் அதை ரோடுன்னு எழுதி வச்சிக்கிச்சு. ஆத்துல தண்ணி வந்துட்டா இது வயல்னு அதுக்கு யாரு போய் சொல்றது? மேல பாத்தா பாளம் பாளமா காஞ்ச மாதிரி கெடக்கும். உள்ள பூராக் களி. எங்க ஊரு ஆளு வண்டிய நிறுத்திட்டு கால வச்சுப் பாப்பான். நீங்க போனப் பாத்தீங்க. அவ்ளோதான் வித்தியாசம்.

டாக்ஸியா? எதுக்கு தம்பி காசு தண்டம், டிராக்டர்தான் வந்துக்கிட்டே இருக்கே. டாக்ஸி வலங்கைமான்லேருந்து வரணும். அதுக்குள்ள உங்க கார மேல ஏத்தி வுட்டுடுவோம். அம்மாவுக்கு மூணு மணிக்குத்தானே ஆபரேஷன்? நீங்க போயி கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள கொண்டுபோவாங்க. தெரியுது, போன்லயே மூணு தடவ சொல்லிட்டீங்க. மணி பன்னண்டரைதான் ஆவுது. திருவாரூர் என்ன மெட்ராஸா?

ஆமா, தண்ணி வருது. நான்தான் வரும்போதே மடைய வெட்டி வுட்டுட்டு வந்தேன். இன்னைக்கு என் முறை. பன்னண்டுலேருந்து நாலு வரைக்கும் இந்த வாய்க்கா எனக்கு. அதுக்கப்பறம் கீழக்காட்டுக்காரனுக்கு. அடைக்கவா? அடைச்சா அடுத்த முறை ஆறு நாள் கழிச்சு, நாத்து கருகிப் போயிடும். பயப்படாதீங்க, முங்காது. கதவுக்குக் கீழ வரைக்கும்தான் வரும்.

எங்க விட்டேன்? பகலவன்.

கும்பகோணத்துல ஒரு ஆஸ்பத்திரி. பேரு எதுக்கு, அவங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அதுக்குப் பக்கத்துல ஒரு காலி மனை. பகலவன் அதக் குத்தகைக்கு எடுத்து, கயிறு கட்டி, ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்திருந்தான். கார் நிறுத்துற எடம். ரெண்டு வருஷத்துக்கு முன்ன, ஐப்பசி. என் சம்சாரம் ஞானாம்பா விடிகாலையில நெஞ்சுல வலின்னு சொல்லிச்சு. என்கிட்ட பழைய ஆம்னி ஒண்ணு இருக்கு, வெத நெல்லு, உரமூட்ட எல்லாம் அதுலதான். சீட்டக் கழுவி, பாயப் போட்டு, நானே ஓட்டிக்கிட்டுப் போனேன். அப்பவும் சும்மா இருக்கல அது. மெதுவாப் போங்க, மூட்டையா ஏத்தியிருக்கீங்க, பொண்டாட்டியத்தானே ஏத்தியிருக்கீங்கன்னு.

சிரிங்க, சிரிக்க வேண்டியதுதான். அது அப்படித்தான் பேசும்.

அங்க மூணு மணி நேரம் வச்சுப் பாத்தாங்க. பாத்துட்டு, அடைப்பு இருக்கு, இங்க அதுக்கு வசதி இல்ல, உடனே தஞ்சாவூர் கொண்டுபோங்கன்னுட்டாங்க. அவங்க ஆம்புலன்ஸ் வேற யாரையோ ஏத்திக்கிட்டு மாயவரம் போயிருந்துச்சு. நம்ம வண்டிதான் இருக்கேன்னு நான் ஓடியாந்தேன். வந்து பாத்தா முன் சக்கரத்துல பூட்டு. மஞ்சக் கலர்ல, இவ்ளோ பெருசு. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி.

ஏன்டா பூட்டியிருக்கன்னு கேட்டா, ஒரு மணி நேரத்துக்குத்தான் சீட்டு, நீ மூணு மணி நேரம் நிறுத்திட்ட, அதுக்கு அபராதம்ங்குறான். போர்டுல போட்டிருக்குங்குறான். போர்டு இங்கிலீஷ்ல இருக்கு. எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். சரி, எவ்ளோன்னேன். ஆயிரத்து இருநூறு. மடியிலேருந்து எடுத்து நீட்டுறேன், வாங்க மாட்டேங்குறான். காசா வாங்கக் கூடாதாம். போன்ல கட்டணுமாம். கட்டினா ஒரு நம்பர் வருமாம், அதை அந்தப் பூட்டுல அடிச்சாத்தான் தொறக்குமாம். அவனாலயே தொறக்க முடியாதாம். உசிரு போவுதுடான்னு கத்துறேன். கால் மேல கால் போட்டுக்கிட்டு, கத்தாத பெருசு, எல்லாம் சிஸ்டம்ங்குறான்.

என்கிட்ட ஒரு பட்டன் போன்தான் அப்ப. நாகூர்க்காரங்க ஒருத்தவங்க, சைத்தூன் பீவின்னு பேரு, மருமவளப் பிரசவத்துக்குச் சேத்துட்டு வெளிய நின்னாங்க. என்னப் பாத்துட்டு, அழுவாதீங்க அத்தா, நான் கட்டித் தரேன்னு போன எடுத்தாங்க. பகலவன் சொன்ன பேரப் போட்டுத் தேடுனாங்க. மேல மொதல்ல ஒண்ணு வந்துச்சு. அதே மஞ்சக் கலரு, அதே பூட்டுப் படம், உடனே அபராதம் கட்டலாம்னு தமிழ்லயே போட்டிருந்துச்சு. கட்டினாங்க. அதுல சர்வீஸுன்னு மேல ஒரு முந்நூத்தம்பது. என் நம்பரக் கேட்டுச்சு, குடுத்தோம்.

ரெண்டு நிமிஷத்துல என் போன் அடிச்சுது. ஒரு ஆளு. நல்லா, மரியாதையாப் பேசுனான் தம்பி. அவ்ளோ மரியாதையா எங்கிட்ட அன்னைக்கு யாரும் பேசல. பணம் வந்துடுச்சுங்க ஐயா, நம்பர் பத்து நிமிஷத்துல வந்துடும்ங்க ஐயான்னான்.

உங்க போன் அடிக்குது. எடுத்துப் பேசுங்க. தங்கச்சியா? சொல்லுங்க, வந்துக்கிட்டே இருக்கேன்னு.

ம். சொல்லிட்டீங்களா. சரி.

பத்து நிமிஷம் ஆச்சு. நம்பர் வரல. சைத்தூன் பீவி அந்த ஆளுக்கு அடிச்சாங்க. சர்வர் மெதுவா இருக்குங்கம்மா, இன்னும் பத்து நிமிஷம். ஞானாம்பாளத் தள்ளுவண்டியில வச்சு வாசல்ல கொண்டாந்து வுட்டுட்டாங்க. வெயிலு. நான் என் துண்ட எடுத்து மொகத்துக்கு நெழலாப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அது என்னப் பாத்து, என்னாங்க இன்னுமா வண்டிய எடுக்கலன்னு கேக்குது. பத்து நிமிஷம்னு நான் சொல்றேன். அவன் என்கிட்டச் சொன்னத நான் அதுகிட்டச் சொல்றேன்.

வேற கார் புடிச்சிருக்கலாமேங்குறீங்க. இதத்தான் போலீஸ் ஸ்டேஷன்லயும் கேட்டாங்க. எம் மவ ஈஸ்வரியும் கேட்டுச்சு. நானும் ராத்திரி பகலா கேட்டுப் பாத்துட்டேன். ரோட்டுல ஆட்டோ நின்னுச்சு தம்பி. நாலு நின்னுச்சு. இதோ வந்துடும், இதோ வந்துடும்னு ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருந்தா, கட்டின காசு வீணாப் போயிடுமேன்னு நிக்கிறதுதானே மனுஷன். அவன் மட்டும் முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இது அந்த ஆபீஸே இல்ல பெருசு, நான் சும்மா இடையில உக்காந்திருக்கேன், வேற வழியப் பாருன்னு ஒரு வார்த்த, நான் ஓடிப்போய் ஆட்டோவ நிறுத்தியிருப்பேன். காச வச்சிக்கடான்னுட்டுப் போயிருப்பேன்.

அம்பது நிமிஷம் நின்னோம். நாலாவது தடவ அடிச்சப்ப போன் எடுக்கல. அப்பறம் ஜாக்கிக் கம்பிய எடுத்து அந்தப் பூட்ட நானே ஒடச்சேன். கை கிழிஞ்சு போச்சு, இந்தாப் பாருங்க தழும்பு. ஒடச்சு, ஏத்தி, ஓட்டினேன். ஐயம்பேட்ட தாண்டல.

இல்ல, பரவால்ல. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.

பகலவன் பூட்ட ஒடச்சேன்னு என் மேல கேஸ் குடுத்தான். கருமாதிக்கு மொத நாள் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தேன். பூட்டுக்குக் காசு கட்டுனேன். கட்டிட்டு, காரியமெல்லாம் முடிச்சிட்டு, மறுநா காலையில ஆம்னிய எடுத்துக்கிட்டுப் போயி அவன் வீட்டு வாசல்ல நிறுத்துனேன். ரோடுதான், கவர்மெண்ட் ரோடு, யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. உள்ளயே உக்காந்திருந்தேன். சண்ட போடல. வாயத் தொறக்கல. சாயங்காலம் வந்துட்டேன். மறுநாளும் போனேன். ஆறு மாசம் போனேன் தம்பி, மழையில கூட. மொத வாரம் வந்து கத்துனான். ரெண்டாவது மாசம் அவன் பொண்டாட்டி வந்து, பெரியவரே புள்ளைங்க பயப்படுதுன்னு அழுதுச்சு. அதுக்கு ஒரு வாய்த் தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சிட்டு மறுபடி உக்காந்துக்கிட்டேன். ஆறாவது மாசம் வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். மனையும் போச்சு. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும், போவல. அவன் மூஞ்சியப் பாத்தாச்சு. அவன் முடியாதுன்னுதான் சொன்னான், அயோக்கியன், ஆனா முடியாதுன்னு சொன்னான்.

இன்னொருத்தன் மூஞ்சியத்தான் பாக்கல.

தண்ணி சக்கரத்துக்கு வந்துடுச்சா? வரும், வரும். பையில முக்கியமா எதாவது இருந்தா எடுத்து வச்சிக்குங்க.

அந்த ஆளுக்கு நான் தெனம் அடிப்பேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எடுக்கவே மாட்டான். ஈஸ்வரி இந்தப் பெரிய போன வாங்கிக் குடுத்துச்சு. எனக்குப் பேரு சட்டுனு படிக்க வராதுன்னு எல்லாருக்கும் படம் வச்சுக் குடுத்திருக்கு. மெக்கானிக்குக்கு ஸ்பேனரு, மாட்டு டாக்டருக்கு மாடு, உரக்கடைக்கு மூட்ட. அவன் நம்பருக்கு என்னப்பா வைக்கட்டும்னு கேட்டுச்சு. யாருக்காக அடிக்கிறேன்னு மறந்துடக் கூடாது, உங்க அம்மா படத்த வைன்னேன். வேணாம்பா, இந்த நம்பர அழிச்சுடுப்பான்னு அழுதுச்சு. வைன்னேன். வச்சுச்சு.

இன்னைக்கு நாத்தங்கால்ல நிக்கிறேன். போன் அடிக்குது. பாக்குறேன், ஞானாம்பா.

ஆமா தம்பி. அந்த மோட்டார் கொட்டா செவுத்துல டிராக்டர் வாடகைக்குன்னு என் நம்பர் எழுதியிருக்கே, அதப் பாத்துத்தானே அடிச்சீங்க. ஒரு சிம்ல டவர் இல்லன்னு இன்னொண்ணுலேருந்து அடிச்சிருப்பீங்க. மொத ரெண்டு தடவ நான் எடுக்கல. எடுக்க முடியல. ரெண்டு வருஷம் கழிச்சு எம் பொண்டாட்டி கூப்புடுதேன்னு சேத்துலயே உக்காந்துட்டேன்.

சிம்மு வேற யாரோடதா இருந்துச்சோ என்னவோங்குறீங்க. இருக்கலாம். கொரலுமா தம்பி வேற யாரோடதோ?

உக்காருங்க. எங்க ஓடப் போறீங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். மம்புட்டி மட வெட்டறதுக்குக் கொண்டாந்தது. அந்தா, தார் ரோட்டுல போவுது பாருங்க, புளியமரத்துக்கு அந்தாண்ட. ஒரு மணி பஸ். நேரா திருவாரூர். இந்த வரப்பப் புடிச்சு நடந்தா ரோடு கால் மணி நேரம்தான். நீங்க அடிச்சப்பவே நான் சொல்லியிருந்தா ஏறிப் போயிருப்பீங்க. அடுத்தது மூணே காலுக்கு. இனிமே டாக்ஸி சொன்னாலும் மூணு மணிக்குள்ள போயிச் சேராது.

டிராக்டரா? அது குடவாசல்ல ஷெட்டுல கெடக்கு. கியர் பாக்ஸ் கழண்டு நாலு நாளாச்சு. சேரனும் திருப்பூர் போயிட்டான்.

இதோட கணக்கு நேராப் போச்சுன்னு நெனைச்சிடாதீங்க. உங்க அம்மா நல்லாயிருப்பாங்க. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு ஆபரேஷன் பண்ணுவாங்க, அவங்க மேல எனக்கு என்ன கோவம். இது அதுக்கு ஈடு இல்ல.

போன் அடிக்குது பாருங்க. தங்கச்சியாத்தான் இருக்கும், எங்க இருக்கன்னு கேக்கும். எடுங்க. வந்துடுறேன்னு சொல்லிடாதீங்க, பாவம், அது வாசலையே பாத்துக்கிட்டு நிக்கும். முடியாதுன்னு சொல்லுங்க. அதுக்காவது சொல்லுங்க.

நீங்க எனக்குச் சொல்ல வேண்டியது அப்பவும் பாக்கிதான்.