ஒரு டம்ளர் நட்சத்திரப் பழ ஜூஸ்

— அசையாதே. அசைஞ்சே, இந்தக் கத்தி நேரா உன் கழுத்துல இறங்கும்.

— சார், அது பழம் வெட்டுற கத்தி சார். ஏற்கெனவே ரெண்டு பல்லு ஆடுது. என்னன்னு சொல்லிட்டாவது அடிங்க.

— எங்க அண்ணனை மார்ச்சுவரியில போட்டுட்டு நேரா இங்கே வரேன்டா. உன் கடைப் பேர் போட்ட டம்ளர் அவன் கட்டிலுக்கு அடியில கிடக்குது.

— ஐயோ! என்ன சார் ஆச்சு?

— நேத்து விக்கல் வந்துச்சு. என்ன பண்ணியும் நிக்கல. அப்புறம் உளறல், வலிப்பு. நட்சத்திரப் பழம் சாப்பிட்டாரான்னு டாக்டர் கேக்குறாரு. உன் போர்டைப் படி. சத்தமாப் படிடா!

— ‘நட்சத்திரப் பழம். வைட்டமின் சி நிறைய. நார்ச்சத்து உண்டு. சக்கரை கம்மி, எடை குறைய நல்லது...’

— கிட்னி கெட்டவன் குடிச்சா சாவான்னு எங்கேடா எழுதியிருக்கு? டயாலிசிஸ்ல ஓடிக்கிட்டிருந்த உயிர்டா அது!

— எழுதாதது தப்புதான் சார். அடிக்காதீங்க! கிட்னி நல்லா இருக்கிறவங்களுக்கு அது நல்ல பழம், பொய் எழுதல. கிட்னி ஆளுக்கு ஆகவே ஆகாதுன்னு வாயால சொல்லித்தான் விக்கிறேன்.

— எங்க அண்ணன்கிட்ட சொன்னியா?

— டயாலிசிஸ்ல இருக்கிற ஆளு யாரும் இங்கே வந்ததே இல்ல சார்.

— அப்போ வாங்கிட்டுப் போனது யாரு?

— எத்தனையோ பேர் வராங்க. எனக்கு எங்கே ஞாபகம்...

— உன் திருட்டு முழியே சொல்லுது. மிக்ஸி மூடியை எடு. எடுடா! விரலை உள்ளே விடு.

— வேண்டாம் சார். இந்தக் கைதான் எனக்குச் சோறு போடுது.

— யாருன்னு சொல்லு. இல்லே, சுவிட்சைப் போட்டுடுவேன்.

— சொல்ல மாட்டேன் சார். பாவம், கையில மாவுக்கட்டோட வந்து நின்ன பொண்ணு...

— மாவுக்கட்டா?

— ஆமா தம்பி, இந்த மாவுக்கட்டுதான். சுவிட்சுல இருந்து கையை எடுங்க.

— அண்ணி? நீங்க ஏன் இங்கே வந்தீங்க? தெரியாம வாங்கியிருப்பீங்க. உங்ககிட்ட எதுவும் சொல்லாம வித்திருக்கான் இந்த நாய்!

— அம்மா, நீங்க ஒண்ணும் பேசாதீங்கம்மா. போயிடுங்க.

— போதும்ணே. எனக்காக நீங்க பல்லைக் கொடுத்தது போதும், கையையும் கொடுக்காதீங்க. தம்பி, இவர் தெளிவா சொன்னாரு. கிட்னி ஆளுக்கு ஒரு டம்ளரே எமன்னு சொன்னாரு. பிள்ளைங்களுக்குன்னு நான்தான் பொய் சொல்லி வாங்கினேன். உடம்புக்கு நல்லதுன்னு என் கையாலேயே கொடுத்தேன். சொட்டு விடாம குடிச்சாரு.

— கொலைகாரி! கட்டின புருஷனைக் கொல்ல எப்படிடி மனசு வந்துச்சு? குத்திடுவேன்!

— குத்துங்க. ஏன் தம்பி, ஓங்கின கை அப்படியே நிக்குது? உங்க அண்ணன் என்னைச் சுவத்துல மோதி மோதி அடிச்சப்போ, பக்கத்து ரூம்ல டிவி சத்தத்தைக் கூட்டி வச்ச கைதானே இது?