பதினோராம் கேள்வி

ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்க வேண்டும், மேடம். முதல் பக்கங்களில் பெயர், படிப்பு, பாஸ்போர்ட் எண் என்று எல்லோருக்கும் பொதுவான சங்கதிகள் இருக்கும். கேட்பவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைக் கடைசிப் பக்கம்தான் சொல்லும். முப்பது வருடம் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தியதில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம் இது. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

வளரும் இளம் அரசியல் தலைவர்களுக்கான சர்வதேசப் பரிமாற்றக் கருத்தரங்கு என்று ஒன்று வருடாவருடம் நடக்கிறது. நாற்பது நாடுகள், நாட்டுக்கு மூன்று பேர், வயது முப்பத்தைந்துக்குள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு சிறிய ஊரில் பன்னிரண்டு நாள் தங்க வைப்பார்கள். எதிர்க்கட்சிக்காரனோடு ஒரே மேஜையில் உட்காருவது எப்படி, ஊராட்சி பட்ஜெட்டை வாசிப்பது எப்படி என்று பகலில் வகுப்பு. மாலையில் விருந்து. உண்மையான கருத்தரங்கு அந்த விருந்துதான். அங்கே கை குலுக்கியவர்கள் பத்து வருடம் கழித்து மந்திரிகளாக ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்வார்கள். போய் வந்தவரிடம் அதற்குப் பிறகு கட்சி ஆபீசில் யாரும் நாற்காலி எடுத்துப் போடச் சொல்வதில்லை. தேர்தலில் சீட்டுக் கொடுப்பார்கள். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. அதன் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

எங்கள் கல்லூரி வருடத்துக்கு ஒருவரைப் பரிந்துரைக்கலாம். அந்த வேலை என்னுடையது. ஏழு வருடம் ஏழு பேரை அனுப்பினேன். ஒருவர்கூடத் தேர்வாகவில்லை. டேனியல் என்று ஒரு பையன், என் பழைய மாணவன். அறுபத்து மூன்று மனு எழுதி நான்கு தெருவுக்குக் குடிதண்ணீர் வரவைத்தவன். அவனுக்கு வந்த பதிலை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். ‘பணி பாராட்டுக்குரியது. ஆனால் நெருக்கடியில் தலைமை தாங்கியதற்கான சான்று இல்லை.’ அந்த வருடம் தேர்வானவன் ஒரு பெரிய தலைவரின் மகன். அவன் கட்டுரையை அவர்களே புத்தகமாக அச்சிட்டு எனக்கும் ஒன்று அனுப்பியிருந்தார்கள். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அவன் படகில் நின்று உணவுப் பொட்டலம் கொடுக்கிற படம். படகை நான்கு பேர் தள்ளுகிறார்கள், தண்ணீர் அவர்கள் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. உற்றுப் பார்த்தால் பின்னால் ஒரு நாய் நடந்து போவது தெரியும்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது பதினோராம் கேள்வி. ‘உங்கள் பகுதியில் நேர்ந்த ஒரு நெருக்கடியையும் அதில் நீங்கள் தலைமை தாங்கிய விதத்தையும் விவரிக்கவும். படமோ வீடியோவோ இணைக்கலாம்.’ குழாயில் தண்ணீர் வரவைத்தவனுக்கு நெருக்கடி இல்லையாம். தண்ணீரில் படகு விட்டவனுக்கு இருக்கிறதாம்.

எட்டாவது வருடம் ஜான்சி கிடைத்தாள். அனகாபுத்தூரில் ஆற்றோரச் சந்து ஒன்றில் வீடு. அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தவர். இருபத்தெட்டு வயதில் கட்சியின் இளைஞர் பிரிவில் தாம்பரம் பகுதிப் பொறுப்பு. கூட்டத்தில் ஒரு மாவட்டப் பிரமுகர், “நீ பின்னால உக்காரும்மா” என்றதற்கு அவள் சொன்னது எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். “பின்னால உக்காந்தா மைக் எட்டாதுண்ணா. நீங்க வேணா கொஞ்சம் நகுந்து உக்காருங்க.” ஆறு மாதம் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். பத்துக் கேள்விகளுக்கு அவளிடம் பிரமாதமான பதில் இருந்தது. பதினோராவதுக்கு மட்டும் இல்லை.

இப்போது என் தெருவைப் பற்றிச் சொல்கிறேன். முடிச்சூரில் நாங்கள் இருப்பது வயலை மனை போட்ட இடம். எங்கள் பக்கத்து ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கால்வாயில் இறங்கி, தெருமுனைச் சிறுபாலத்தின் அடியில் இரண்டு சிமெண்ட் குழாய்கள் வழியாக வெளியேறி, அடையாற்றுக்குப் போகிறது. குழாயின் விட்டம் இரண்டடி. அவை திறந்திருக்கும்வரை எங்கள் தெருவில் செருப்புகூட நனையாது.

எதிர்வீடு தோத்தாத்ரி சாருடையது. அவரும் பட்டு மாமியும் மட்டும். மாமிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே நான்கு முறை ரோடு போட்டதில், அந்த வீடு தெருவுக்கு மூன்றடி கீழே போய்விட்டது. நான் காபி குடிக்கப் போகும்போதெல்லாம் மாமி குழறிக் குழறிச் சொல்வார். “இன்னும் ரெண்டு தடவை ரோடு போட்டான்னா, நாங்க மாடி கட்ட வேண்டாம் ஜீவா சார். ரோட்டையே மாடின்னு சொல்லிக்கலாம்.”

வெள்ளத்துக்குப் பயந்து தோத்தாத்ரி சார் வாசலில் இரண்டடிக்குத் தடுப்புச் சுவர் கட்டியிருந்தார். இதைக் கவனிக்க வேண்டும். தடுப்பு இருந்தால் தண்ணீர் உள்ளே மெதுவாக வராது. வெளியே இரண்டடி ஏறும்வரை ஒரு சொட்டும் வராது. அதற்குப் பிறகு கிண்ணத்தில் ஊற்றுவது போல் கொட்டும். மாமியின் கட்டில் உயரம், சாப்பாட்டு மேஜையின் உயரம் இரண்டையும் நான் அளந்து வைத்திருந்தேன். தடுப்பைத் தாண்டிய கணத்திலிருந்து மேஜை முழுகச் சுமார் ஐம்பது நிமிடம். ஒரு இளம் பெண் உள்ளே போய் ஒரு நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வர ஐம்பது நிமிடம் தாராளம்.

நவம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, ரெயின்கோட் போட்டுக்கொண்டு சிறுபாலத்துக்குப் போனேன். இரண்டு குழாய்களிலும் மணல் மூட்டைகளை வைத்து, அவற்றின் மேல் பழைய பிளெக்ஸ் பேனர்களைச் சுருட்டித் திணித்தேன். பேனர் நல்ல பொருள். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாகத் தானே அடைத்துக்கொள்ளும். யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாள் பேனர். மறுநாள் அள்ளியவர்கள் குப்பை என்று நினைத்தார்கள். இது ஜான்சிக்குத் தெரியாது. நானாகத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டு மணிக்கு அவளுக்குப் போன் செய்து, மூன்றரைக்குள் வரச் சொன்னேன்.

“சார், ஆத்துத் தண்ணி எங்க சந்துக்குள்ள பூந்துகினு கீது. ஜனங்க இடுப்பளவு தண்ணில நிக்குதுங்க. எப்டி சார் வர்றது?”

“அங்க பாத்துக்க ஆள் இருக்காங்க ஜான்சி. இங்க ஒரு அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க.”

“நீங்க அங்கதான கீறீங்க? தூக்கி உங்க மாடில வையுங்க சார். நான் இத முட்ச்சிட்டு வந்துர்றேன்.”

அவளுக்கு நான் ஆறு மாதம் கற்றுக்கொடுத்தேன், மேடம். எது முக்கியம் என்பதை மட்டும் அவள் கற்றுக்கொள்ளவே இல்லை.

மூன்று ஐம்பத்தைந்துக்குத் தண்ணீர் தடுப்பைத் தாண்டியது. தெருவில் மொத்தம் ஐந்து வீடுகள், மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் மழை எச்சரிக்கை கேட்டு உறவினர் வீடுகளுக்குப் போயிருந்தார்கள். நான் மாடி வராந்தாவில் நின்று போனில் வீடியோவை ஓட விட்டேன். அவள் வந்து இறங்குவதிலிருந்து எல்லாம் வேண்டும் அல்லவா. அங்கிருந்து பார்த்தால் எதிர்வீட்டு ஜன்னல் வழியாக மேஜை நேராகத் தெரியும். தோத்தாத்ரி சார் மாமியை எப்படியோ மேஜை மேல் கிடத்திவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

“ஜீவா சார், கொஞ்சம் இறங்கி வாங்கோ. இன்னொரு ஆள் பிடிச்சாப் போறும், தூக்கிடலாம்.”

“ஜான்சி வந்துட்டே இருக்காங்க சார். பத்தே நிமிஷம்.”

இதை நான்கு முறை சொன்னேன். நான்காவது முறை அவர் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டார். இரண்டு கையாலும் மாமியின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது எழுபத்தெட்டு.

ஜான்சி ஐந்து மணிக்கு வந்தாள். ஸ்கூட்டரைத் தெருமுனையில் போட்டுவிட்டு ஓடி வந்து, உள்ளே இறங்கி, மாமியைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அந்தப் படத்தைத்தான் விண்ணப்பத்தோடு இணைத்தேன். படத்தில் மாமி தூங்குவது போல்தான் இருக்கும். அன்று மதியம் அனகாபுத்தூரில் அவள் முப்பத்தோரு பேரைக் கரையேற்றிவிட்டு வந்திருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை உங்களுக்கு விளக்க முடியாது.

பதிமூன்றாம் நாள் தோத்தாத்ரி சார் எனக்கு இலை போட்டுச் சாப்பாடு போட்டார். “பாவம், நீங்களும் யாருக்கோ போனைப் பிடிச்சுண்டே நின்னேள்” என்றார். நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜனவரியில் ஜான்சி தேர்வானாள். எட்டு வருடத்தில் முதல் ஆள். அங்கே போய்ப் பேசும்போது திரையில் காட்டுவதற்காக வீடியோவை வெட்டி அனுப்பினேன். தவறுதலாக வெட்டாத முழு வீடியோவும் கூடவே போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் உட்காரவில்லை.

“அந்தப் பெரியவரு கூப்ட்டுகினே கீறாரு. நீங்க படம் புட்ச்சிகினு கீறீங்க. நான்தான் சொன்னேன்ல சார், தூக்கி மாடில வையுங்கன்னு.”

“நீ இப்ப எங்க போகப் போறன்னு யோசி ஜான்சி. எத்தன பேருக்குக் கிடைக்கும் இது?”

“எங்கயும் போவல. நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். நீங்களும் வாங்க, செருப்பப் போடுங்க.”

அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் இங்கே வந்தேன். கருத்தரங்குக்கு வருவதாக அவள் ஒப்புதல் கடிதம் அனுப்ப வரும் வெள்ளிக்கிழமை கடைசி நாள். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். ஒரு பெண்ணின் எதிர்காலம் இப்படி வீணாகக் கூடாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். என் மாடியிலிருந்து இருபத்திரண்டு படி. தண்ணீரில் தெருவைக் கடக்க ஒரு நிமிடம். எனக்கு நீச்சல் தெரியும். மாமி நாற்பது கிலோகூட இருக்க மாட்டார். தண்ணீர் என் கணக்கைவிடச் சீக்கிரம் ஏறியது, மேஜையில் அவர் அசைவது நின்றது நான்கு முப்பத்தாறுக்கு. நாற்பத்தொரு நிமிடமும் நான் வராந்தாவில்தான் நின்றேன். இறங்கியிருந்தால் அது ஒரு அண்டைவீட்டுக்காரன் செய்த உதவியாகப் போயிருக்கும். அதை எந்தக் கேள்விக்கும் பதிலாக எழுத முடியாது.

வீடியோவைப் போட்டுப் பாருங்கள், மேடம். ஒரு இடத்தில்கூட என் கை ஆடியிருக்காது.