விடுபட்ட ஒரு புள்ளி

ஐயா, ஒரு வரைபடக் கோப்பை இன்னொரு மென்பொருளுக்கு மாற்றிக் கொடுக்க எனக்கு டீ ஆறுகிற நேரம் போதும். விராலிமலையில் இந்த வேலைக்கு என் கடைதான். சர்வேயர் அனுப்பும் கோப்பு கல்குவாரி இன்ஜினியரின் கணினியில் திறக்காது. நடுவில் ஒன்பது வருடமாக நான், ஆத்மநாதன், இருக்கிறேன்.

மாற்றும்போது ஏதாவது விடுபடும். எந்த அடுக்கில் சேரும் என்று காட்டும் லேயர் பெயர் இல்லாத புள்ளியை அந்தப் பக்கத்து மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். அப்படித்தான் அந்த வீடு விடுபட்டது என்று போன வாரம் ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். ஒழுங்காகச் சொல்லவில்லை என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அது என் மகள் இலக்கியாவின் வீடு. லாரி ஓட்டும் ரத்தினவேலை அவளாகவே கட்டிக்கொண்டு, குவாரிக்குப் பக்கத்துக் கொல்லையில் குடியேறினாள். நான் அங்கே போனதில்லை. அவள்தான் கடைக்கு வருவாள். ஆடி மாதம் ஒருநாள் என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, ஒங்க படத்துல எங்க வீடு இருக்கா?"

"சர்வேயர் குறிக்கல."

"மருமகன் பேரத்தான் வாயில எடுக்க மாட்டீங்க, வீட்டையாச்சும் போடுங்க. வேட்டுல செவுரு வெடிச்சா மூட்டையக் கட்டிக்கிட்டு ஒங்க வீட்டுக்குத்தான் வருவேன், பாத்துக்கங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் எதிரிலேயே புள்ளி வைத்து 'இலக்கியா வீடு' என்று அடித்தேன்.

அவள் போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. சுவர் வெடித்தால் வருவாள். மாடி அறைக்கு வெள்ளையடித்தேன். அவளுக்குப் பிடித்த பச்சையில் திரைச்சீலை வாங்கி மாட்டினேன்.

படத்தில் வீடு இருந்தால் வெடிக்குழியைத் தள்ளித்தான் போடுவார்கள். இல்லையென்றால் கிட்டத்தில் போடுவார்கள். ஒரு கீறல், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

புதன்கிழமை மதியம் வேட்டு. அவள் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பறந்து வந்த கல் அவள் தலையில் விழுந்தது.

வேட்டுக்கு முன்னால் விசில் ஊதி ஆட்களை வெளியேற்றுகிறவர் கருப்பன். வெளியூர்க்காரர், கையிலிருக்கும் தாளைப் பார்த்துத்தான் வீடு வீடாகப் போவார். "எந் தாள்ல அந்த வீடே இல்லைங்கண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை விட்டுவிடுங்கள். அந்தத் தாளை அச்சடித்ததும் நான்தான். ஏழு வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

மறுநாள் முதல்முறையாக அந்த வீட்டுக்குப் போனேன். நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தேன். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

மென்பொருள் சொல்லாமல் விட்டுவிடும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள், ஐயா. அது கேட்கும். லேயர் பெயரை நான் அழித்த பிறகு, ஒரு புள்ளி சேராது, தொடரலாமா என்று அவள் பெயரைக் காட்டித்தான் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

வீட்டுக்குக் கூட்டி வரத்தான், ஐயா.