நாலு தந்தியையும் தளர்த்திக் கொடுத்தவர்

மேடையில் இருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, பள்ளிச் செயலாளர் வெங்கடாசலம் ஐயா அவர்களே, துக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் வாத்தியார் வீட்டு அம்மா கிருஷ்ணவேணி அவர்களே, திண்டிவனத்துப் பெரியோர்களே, பாட்டு வகுப்புப் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் கொளஞ்சியின் வணக்கம்.

நம் பள்ளியின் இசையாசிரியராக இருந்து மறைந்த கோதண்டபாணி ஐயாவைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கூப்பிட்டவர்களுக்கு ஒன்று தெரியுமோ தெரியாதோ. நான் அவரோடு எட்டு வருஷமாகப் பேசியதில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அவர் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார். படத்துக்கு மாலை போட்டாயிற்று என்பதற்காக நான் இதை மறைக்கப் போவதில்லை.

லோயர் கிரேடு பாட்டுப் பரீட்சைக்கு ஒரு பிள்ளை வயலினில் எவ்வளவு கற்றிருக்க வேண்டும்? ஒரு வர்ணம், நாலைந்து கீர்த்தனை போதும் என்றுதான் எல்லாப் பள்ளியிலும் நினைத்தார்கள். வாத்தியார் சுருதி சேர்த்துக் கொடுப்பார், பிள்ளை வாசித்துவிட்டு வரும். கோதண்டபாணி ஐயா மட்டும் அது போதாது என்றார். ஐம்பத்தொன்பதாம் வருஷத்தில், பரீட்சைக்குப் பேர் அனுப்புமுன், என் மகள் ருக்குவை உட்கார வைத்து, வயலினின் நாலு தந்தியையும் முழுக்கத் தளர்த்தி அவள் கையில் கொடுத்தார். “சேர்த்து வாசி” என்றார். அவளுக்கு வாசிக்கத் தெரியும். சேர்க்கத் தெரியாது. பேரை அனுப்பவில்லை.

நான் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை பிடித்தேன்.

“அவ வர்ணம் வாசிச்சா தெருவே நின்னு கேக்குது, உங்க காதுல வுழலியா?”

“வுழுந்துச்சு கொளஞ்சியம்மா. சுருதி சேர்த்துக் குடுத்தது நானாச்சே. பரீட்சை ரூமுக்குள்ள நானும் பாவாடை கட்டிக்கினு வரட்டுமா?”

அவருக்குச் சிரிப்பு. எனக்கு? ருக்குவின் அப்பா போய்ச் சேர்ந்திருந்த சமயம். பாசாகி டீச்சர் வேலைக்குப் போனால் போகட்டும், இல்லையென்றால் வல்லத்தில் இரண்டாந்தாரமாகக் கட்டிக் கொடுப்பது என்று என் கொழுந்தன் பேசி வைத்திருந்தான். அந்த ஒரு வருஷம் அவனை வாசலோடு நிறுத்தி வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமா? மல்லாட்டை மில்லில் கடலை உடைத்துவிட்டு வந்து, கைகால் கழுவாமல் அவனோடு மல்லுக்கு நிற்பேன். உள்ளே ருக்கு தந்தியை முறுக்கி ஏற்றும் பிரடையைத் திருகிக்கொண்டிருப்பாள். தந்தி அறுந்து கன்னத்தில் அடிக்கும். மறுபடி கட்டுவாள். அந்தக் கொழுந்தன் வீட்டோடு எனக்கு இன்றுவரை போக்குவரத்து இல்லை.

மறு வருஷம் விழுப்புரத்தில் பரீட்சை. நல்ல வெயில். நானும் ஐயாவும் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ருக்குவுக்கு முன்னால் உள்ளே போன வேற்றூர்ப் பெண்ணுக்குத் தந்தி இறங்கிச் சுருதி கலைந்துவிட்டது. தன் வாத்தியாரைத் தேடி ஜன்னல் பக்கமே பார்த்துப் பார்த்து, வாசிக்காமலே அழுதுகொண்டு வெளியே வந்தது. அடுத்தது என் மகள். வில்லை வைக்கிறாள், கிர்ரென்று பிரடை கழன்று தந்தி தொங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற ஐயாவைப் பிடித்துக்கொண்டேன்.

“ஜல்தியா போய்ச் சேர்த்துக் குடுங்க. எம் பொண்ணு வாழ்க்கையே அதுலதான் இருக்குது.”

“நான் உள்ள போனா அவ பேரை அடிச்சிடுவாங்க. பேசாம நில்லும்மா.”

சொன்னாரே தவிர, அவரும் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே ருக்கு எழுந்து போய்க் கரும்பலகை அடியில் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்தாள்.

“ஏம்மா, வாசிக்க வந்தியா, கணக்குப் போட வந்தியா?” என்றார் பரீட்சை நடத்தியவர்.

“பிரடை வழுக்குதுங்க.”

பிரடையில் சாக்பீஸைத் தேய்த்து, அழுத்திச் செருகி, தந்தியை ஏற்றி ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். ஜன்னல் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லை. பிறகுதான் வர்ணம். பாசானாள். இன்று உங்கள் பள்ளியிலேயே பாட்டு வகுப்புக்குத் துணை ஆசிரியையாக இருக்கிறாள்.

அன்றைக்கு வெளியே வந்ததும், “இப்ப என்னம்மா சொல்றே?” என்று கேட்டார் ஐயா. மகளை இழுத்துக்கொண்டு ரயிலேறினேன். அத்தோடு நின்ற பேச்சு. அவர் செய்தது சரியாகவே இருக்கட்டும். அந்த ஒரு வருஷத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

செயலாளர் ஐயா, சற்று முன்பு நீங்கள் பேசினீர்கள். அவர் காலத்தோடு இந்தத் தளர்த்திக் கொடுக்கும் சோதனையும் போகட்டும், எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பினால் பள்ளிக்குப் பேர் வரும் என்றீர்கள். என் மகளிடம் போன வாரமே சொன்னீர்களாம், ஒத்து வராவிட்டால் அவர் இடத்தை உனக்குத் தராமல் வேறு ஆள் பார்ப்போம் என்று. ஐயா, அந்தச் சோதனையில் அடிபட்டவள் நான். அதை நிறுத்தச் சொல்ல இந்தக் கூட்டத்தில் ஒருவருக்குப் பாத்தியதை உண்டென்றால் எனக்குத்தான் உண்டு. நானே சொல்லவில்லை. நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? அழுதுகொண்டு வெளியே வந்த அந்தப் பெண்ணை நீங்கள் பார்த்தீர்களா? அவர் அனுப்பிய பிள்ளைகளில் ஒன்றாவது அப்படித் திரும்பியதா?

கோதண்டபாணி ஐயா, உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் உங்கள் வகுப்பு நீங்கள் நடத்தியபடியே நடக்கும். இங்கே விடாவிட்டால் என் வீட்டில் நடக்கும்.

ருக்கு, எழுந்து வா. படத்துக்கு முன்னால் அவர் வயலின் இருக்கிறது பார். நாலு தந்தியையும் தளர்த்தி வை. நாளைக் காலையில் பிள்ளைகள் வந்து எடுத்துச் சேர்க்கட்டும்.